பல்தகடு

மீன் வாயைத் திறக்க மாட்டேனென்றது. கிளாரிந்தா மச்சாது கையுறை போட்ட கட்டைவிரலை அதன் மேலுதட்டுக்குள் நுழைத்து, மற்றக் கையால் கீழ்த்தாடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரண்டு நாள் ஐஸில் கிடந்த உடம்பு, விறைப்பு விடவில்லை. புதன்கிழமை காலை பத்தேகால். தூத்துக்குடியில் முப்பத்தோரு வருஷமாக அவள் வேலை பார்க்கும் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகம். இன்றைக்குச் செய்முறை வகுப்பு இல்லை, நீள மேசைகள் காலியாகக் கிடந்தன, மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அறுபது முடிந்து வீட்டுக்குப் போக இன்னும் பத்தொன்பது நாள். இருதயராஜ்தான் இந்த மீனைக் கொண்டுவந்தான். ஆய்வக உதவியாளன், துறைமுகத்தில் மச்சான் இருக்கிறான், ஆழ்கடலுக்குப் போன படகொன்றில் விலைபோகாது என்று ஓரமாகத் தள்ளி வைத்திருந்ததைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்திருந்தான். "மேடம், நீங்க வகுப்புல படம் போட்டுக் காட்டுவீங்களே, அதான்னு நெனைக்கேன்." அதுவேதான். கிமேரா. சுறாவுக்கும் திருக்கைக்கும் தூரத்துச் சொந்தம், நாற்பது கோடி வருஷத்துக்கு முன்னால் பங்காளிகளிடமிருந்து பிரிந்து ஆழத்துக்குப் போய்விட்ட வம்சம், உடம்பில் ஒரு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. கை நீளம் இருந்தது. மூக்கு மண்வெட்டிக் காம்பு மாதிரி முன்னால் நீண்டிருந்தது. கண் பச்சை, செத்தும் பச்சை மாறவில்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் இதை வரைந்திருக்கிறாள், செவுள் மூடியை, முதுகு முள்ளை, சாட்டை வாலை. கல்லூரி அருங்காட்சியகத்து ஜாடியில் ஒன்று அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே நிற்கிறது. ஆனால் ஒன்றின் வாயைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை. ஒன்றின் வாயைக்கூட. அந்த இடத்தில் மனசு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றது, அவள் அதைக் கழற்றிக்கொண்டு மறுபடி மீனைப் பார்த்தாள்.

தோலில் ஒரு செதில் இல்லை. நனைந்த ரப்பர் மாதிரி வழுவழுப்பு, தலை முழுக்க வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், அறுவைக்குப் பிறகு போட்ட தையல் போல. தையல். வேறு சொல் வந்திருக்கக் கூடாதா. கோடுகள், வாய்க்கால்கள், இரையின் அசைவை நீரில் உணரும் பள்ளங்கள் என்று எத்தனை இருக்கிறது, மனசு போய் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. தையல்நாயகி. பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண், திருச்சியில் இருந்த ஒரே வழிகாட்டியிடம், சிற்றம்பலம் சாரிடம், இருவரும் ஆராய்ச்சி செய்தார்கள். கிளாரிந்தா இங்கே வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக, அவள் அங்கேயே முழுநேரமாக. கிளாரிந்தா நாலு வருஷமாகச் சிப்பிகளின் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். சார் அதைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். தையல்நாயகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அரியலூருக்கு அந்தப் பக்கம், ஒருகாலத்தில் கடலாக இருந்து இப்போது பிளந்து கிடக்கிற வறண்ட ஓடையொன்றில் குனிந்து நிமிர்ந்தாள், கையில் கல். கழுத்தெல்லாம் வெயிலில் கருத்துப்போய் இந்த ஆய்வக வாசலில் வந்து நின்ற நாள் இருபத்தேழு வருஷத்துக்கு முந்தியது. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்திருந்தாள். பெரிய தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, பஞ்சுக்குள் கல். "அக்கா, சிரிக்காதீங்க. இது கிமேராவோட கீழ்த்தாடைப் பல்தகடுன்னு எனக்குத் தோணுது. சார் ஆமைன்னு சொல்றார். உங்க ஜாடியில ஒண்ணு இருக்குல்ல, அதோட வாயைப் பார்த்தா தெரிஞ்சிடும்." அன்றைக்குப் பார்த்து அருங்காட்சியகச் சாவி வைத்திருந்தவர் லீவு. சாயங்காலம் வரை இருந்து பார்த்தாள், ஊர்ப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், தீப்பெட்டியைக் கிளாரிந்தாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நீங்க பார்த்துட்டு எழுதுங்க அக்கா. உங்க கண்ணு போதும் எனக்கு."

உங்கள் கண் போதும். கத்தியை எடுத்தாள். வாயின் ஓரத்தில் வைத்துக் கன்னம் நோக்கிக் கீறினாள். ரத்தம் வரவில்லை, நீர்த்த இளஞ்சிவப்பாக ஏதோ கசிந்தது, ஈரல் எண்ணெயின் வாடை குப்பென்று மேலே வந்தது. இந்த மீனுக்கு இரைப்பை கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வாள், விழுங்கியது தங்க இடமில்லாமல் நேரே குடலுக்குப் போய்விடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். மேல்தாடை மண்டையோடு ஒட்டியே பிறந்தது, சுறாவைப் போலத் தாடையை முன்னால் தள்ளிக் கவ்வ இதற்கு வராது, சிப்பியையும் நண்டையும் வாய்க்குள் வைத்து நசுக்கத்தான் வரும், அதற்குத்தான் பல்லுக்குப் பதிலாகத் தகடுகள். மேலே இரண்டு ஜோடி, கீழே ஒரு ஜோடி. சுறாவுக்குப் பல் விழுந்தால் முளைக்கும், இதற்கு விழுவதே இல்லை, தேயத் தேயப் பின்னாலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். செத்தால் குருத்தெலும்பு அழுகிப் போகும், தோல் போகும், இந்தப் பச்சைக் கண் முதலில் போகும். கல்லாகி மிஞ்சுவது தகடும் முதுகு முள்ளும்தான். ஒரு வம்சமே நாற்பது கோடி வருஷம் வாழ்ந்ததற்குச் சாட்சி ஒரு கைப்பிடி அளவுத் தகடுகள். வரி வரியாக மனப்பாடம். முப்பத்தோரு வருஷம் சொன்னது, புத்தகத்தில் பார்த்துச் சொன்னது. தசையை அறுத்ததும் தாடை சட்டென்று தொங்கியது. வாய் திறந்துகொண்டது. அவள் விளக்கை இழுத்துக் கீழே இறக்கினாள்.

கீழே, இடமும் வலமுமாக இரண்டு தகடுகள், பழுப்பு வெள்ளையில், கிளியின் கீழ் அலகு போல. ஒவ்வொன்றின் மேலும் வெளேரென்று பளபளக்கும் தண்டுகள், மற்ற இடம் தேய இவை மட்டும் தேயாமல் மேடாக நின்றன. மூன்று. நடுவில் இருப்பது அகலம். உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கிளாரிந்தா நிமிர்ந்தாள். இடுப்பு வலித்தது. கையுறையைக் கழற்றாமலே போய் மேசையின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தாள், பழைய வினாத்தாள்களுக்கு அடியில் தீப்பெட்டி, பஞ்சு மஞ்சளாகிப் பொடிந்தது. இழுப்பறையைப் பூட்டி வைத்ததும் இல்லை, திறந்து வைத்ததும் இல்லை, கல் அங்கே இருக்கிறதென்று தெரியும், நாக்குக்குச் சொத்தைப் பல் தெரிவது மாதிரி. கல்லை மீனின் வாய் அருகில் கொண்டுபோய்ப் பிடித்தாள். மூன்று தண்டு. நடுவில் அகலம். உள்பக்கச் சாய்வு. ஒன்று வெண்மை, ஒன்று கருஞ்சிவப்பு, அவ்வளவுதான் வித்தியாசம், நடுவில் பத்துக் கோடி வருஷத்துக்குக் குறையாது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்ததிலிருந்து கல்லை வைத்துப் பார்த்தது வரை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு நிமிஷ வேலை. இதற்கு.

சாவி திங்கட்கிழமை வந்துவிட்டது. அதுதான். அதை எத்தனை தடவை சுற்றி வந்தாலும் சாவி திங்கட்கிழமை வந்துவிட்டது. ஜாடியை இறக்கி இந்த மேசைமேல் வைத்தது ஞாபகம் இருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. மழை, அன்றைக்குக் கரண்ட் இல்லை. ஃபார்மலின் கண்ணை எரிக்கும். பழைய மீன், கட்டைபோல் இறுகின வாய், திறக்க வேண்டுமானால் கன்னத்தை அறுக்க வேண்டும், அருங்காட்சியகப் பொருளை அறுக்க முதல்வரிடம் அனுமதி வாங்க வேண்டும். முதல்வர் கோபக்காரர். எல்லாம் உண்மைதான். மழை பெய்ததும் உண்மை. அனுமதி கேட்டு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் மறுநாள் கிடைத்திருக்கும் என்பதும் உண்மை. இரண்டு வருஷம்கூட ஆகாதவள். குனிந்தாள், நிமிர்ந்தாள், கையில் கல். சிப்பிப் பட்டியலின் மேல் சாரின் சிவப்பு மை. அது மழைக்கு அடியில், கரண்டுக்கு அடியில், அனுமதிக்கு அடியில் கிடந்தது, அவள் அன்றைக்கு அதைத் தொட்டுப் பார்க்கவில்லை, கைபட்டால் எண்ணெய் போல ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்திருக்கும். ஜாடியைத் திரும்ப அலமாரியில் ஏற்றிவிட்டு ஓர் இன்லண்ட் கடிதம் எடுத்தாள். 'கல்லை ஜாடியிலுள்ள மீனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. சார் சொல்வதுபோல் ஆமையின் அலகாக இருக்கலாம்.' பார்த்தேன். எழுத்தில் எந்த நடுக்கமும் இல்லை. சாருக்கு ஒரு நகல். அந்த நகல் எதற்கு? யாரும் கேட்காத நகல் எதற்கு?

கருத்தரங்கில் சார் அதை வாசித்தார். கிளாரிந்தா மூன்றாம் வரிசையில் இருந்தாள், ஒலிபெருக்கி கொய்யென்று இரைந்தது, மேடையில் தையல்நாயகி சாக்பீஸோடு நின்றாள். "உங்க சீனியரே நேர்ல ஒப்பிட்டுப் பார்த்து எழுதியிருக்காங்க. ஆமையை மீனாக்கிட்டியேம்மா" என்றார் சார். சபை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின சிரிப்பு, எல்லாருக்கும் பசி. தையல்நாயகி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கூட்டத்தில் கிளாரிந்தாவைத் தேடிக் கண்டுபிடித்து, பார்த்தாள். கோபம் இருந்ததா அந்தப் பார்வையில்? இருபத்தேழு வருஷமாக அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள், ஒருதரம் கோபம் இருக்கிறது, ஒருதரம் இல்லை. அந்த அத்தியாயம் ஆய்விலிருந்து போனது, அத்தியாயம் போனபின் ஆய்வில் மிச்சமில்லை. நாலு மாதத்தில் கல்யாணம் என்று கேள்விப்பட்டாள். அப்புறம் புருஷன் தவறிவிட்டதாக, தபாலாபீஸ் வேலையில் இருப்பதாக. போன மாதம் சார் காலமானபோது பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தார்கள், யாரோ தையல்நாயகியையும் சேர்த்தார்கள். கிளாரிந்தா அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரத்தில் 'வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது. எண்ணை அதற்குள் குறித்து வைத்துக்கொண்டிருந்தாள். எதற்குக் குறித்தாள் என்று அப்போது தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நாளைக்கு அருங்காட்சியகப் பொருட்களைக் கணக்கெடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தன் பொறுப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதி வைக்க வேண்டும், இழுப்பறையில் இருப்பது உட்பட. தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, போட்டால் தெரியாது, ஒருகாலத்தில் கடலில் இருந்ததுதானே. இல்லையென்றால் அட்டையில் கிளாரிந்தா மச்சாது என்று எழுதலாம். யார் கேட்பார்கள். சார் போய்விட்டார். ஓய்வு பெறும் வருஷத்தில் ஓர் அபூர்வ அடையாளம், மாலை, பத்திரிகையில் புகைப்படம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று திடுக்கிட்டாள், வாசல் கதவைப் பார்த்தாள், யாராவது கேட்டுவிட்டார்களோ என்பது போல. மீனின் பச்சைக் கண் கூரையைப் பார்த்துக் கிடந்தது. கீறின கன்னம் விரிந்து அது சிரிப்பது மாதிரி இருந்தது, ஒரு துணியைப் போட்டாள். கையுறைக்குள் விரல்கள் மரத்துப் போயிருந்தன. கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, இன்னொரு தரம் கழுவி, எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது. எடுக்காமல் இருந்தால்.

"அலோ, போஸ்டாபீஸ்ல இருக்கேன்."

"தையல்நாயகிதானே?"

"ஆமா. யாரு பேசுறது?"

"தூத்துக்குடியிலேர்ந்து... கிளாரிந்தா."

அந்தப் பக்கம் முத்திரை குத்தும் சத்தம். டப். டப். நாலைந்து விழுந்தன.

"சொல்லுங்க."

அக்கா வரவில்லை. வரும் என்று காத்திருந்திருக்கிறாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. "தையல், உன் கல்லு... அது மீன்தான். கிமேராவோட கீழ்த்தாடைத் தகடுதான். இன்னைக்கு ஒரு மீன் கிடைச்சுது. வாயைத் திறந்து வச்சுப் பார்த்தேன்."

முத்திரைச் சத்தம் நின்றது.

"தண்டு எத்தனை?"

"மூணு."

"நடுவுல உள்ளது அகலமா?"

"ஆமா."

"உள்ளுக்குச் சாய்ஞ்சிருக்கா?"

"ஆமா தையல். நான் அன்னைக்குப் பார்க்கவே இல்ல. ஜாடியைத் திறக்கல. பார்த்தேன்னு பொய் எழுதினேன்."

"தெரியும்."

மின்விசிறியின் கடகடப்பு காதை அடைத்தது. "எப்படித் தெரியும்?"

"பார்த்திருந்தா வரைஞ்சிருப்பீங்க. ஒரு சிப்பியப் பத்திக் கேட்டாக்கூட நாலு பக்கமும் வரைஞ்சு அனுப்புற ஆளு நீங்க. அன்னைக்கு மூணு வரி வந்துச்சு. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சபையில சொல்லல?"

"எதை வச்சு? சார் கையில உங்க லெட்டரு. கல்லும் உங்ககிட்ட. என் கையில சாக்பீஸ்தான் இருந்துச்சு." குரலில் உயர்வு தாழ்வு இல்லை, மணியார்டர் விவரம் சொல்வது போலச் சொன்னாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

"உன் பேர்லயே பதியுறேன். நான் செஞ்சதையும் எழுதுறேன். கட்டுரையா வரணும் தையல், நீதான் எழுதணும். உன் குறிப்பு நோட்டு இருக்கா? எந்த இடம், எந்த அடுக்குன்னு இல்லாட்டி..." மேலே சொல்ல வேண்டியதில்லை, இருவருக்கும் தெரியும். இடம் தெரியாத கல் வெறும் கல்.

"நோட்டு வெந்நீர் அடுப்புக்குப் போயிடுச்சு. கல்யாணத்துக்கு முந்தின வாரம். நானேதான் போட்டேன்."

"ஞாபகமாவது..."

அந்தப் பக்கம் யாரோ எதையோ கேட்டார்கள், "செத்த இருங்க" என்றாள் தையல்நாயகி அவர்களிடம். பிறகு தொலைபேசி வாய்க்கு அருகில் வந்ததுபோல் குரல் தணிந்து கேட்டது.

"ஞாபகம் இருக்கு. ஓடையில எந்த வளைவு, மேலேருந்து எத்தனாவது அடுக்கு, எல்லாம் இருக்கு. வருஷம் ஒரு தடவை போயிட்டு வருவேன். அதே இடத்துல மேல்தாடைத் தகடும் இருக்கு. பாதி வெளிய தெரியுது."

"எடுக்கலியா? மழைக்குக் கரைஞ்சிடுமே தையல்!"

"கரையுது. போன வருஷத்துக்கு இந்த வருஷம் குறைஞ்சிருக்கு. எடுத்து யார்கிட்டக் கொண்டுபோய்க் காட்டச் சொல்றீங்க?"

"என்கிட்டச் சொல்லு. எங்கன்னு சொல்லு, நானே வர்றேன்..."

"உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாள் தையல்நாயகி. கோபம் இருந்ததா? இல்லை. இந்த முறை நன்றாகக் கேட்டது, இல்லை. "கவுண்டர்ல ஆளு நிக்குது. வச்சிடுறேன்."

வைத்துவிட்டாள். கிளாரிந்தா தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஓடை தெரிந்தது, அவள் ஒருநாளும் போகாத ஓடை, செம்மண்ணும் சாம்பலுமாகப் பிளந்த கரை, அதில் ஒரு தகடு பாதி வெளியே. ஐப்பசியில் மழை பிடிக்கும். தண்ணீர் அதன்மேல் ஓடும், ஒரு மணல் அளவு எடுத்துக்கொண்டு போகும். பத்துக் கோடி வருஷம் தாங்கினது, இந்த மழைக்கு எவ்வளவு, அடுத்த மழைக்கு எவ்வளவு. குடையோடு ஒரு பெண் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், குனியவில்லை. போய்த் தேடலாமா? எத்தனை ஓடை, எத்தனை வளைவு, இந்த இடுப்பை வைத்துக்கொண்டு. தேடிக் கண்டுபிடித்தாலும் அதுவும் எடுத்துக்கொண்டதுதான். மறுபடியும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது. இருதயராஜ் வாளியோடு உள்ளே வந்தான், துணியை விலக்கி மீனைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "மேடம், உடம்பு சரியில்லையா? டீ வாங்கிட்டு வரவா?" வேண்டாம் என்று தலையசைத்தாள். "அப்ப இத ஜாடியில போட்டுரவா?" "தாடையை மட்டும் தனியா எடுத்து வை. வாயைத் திறந்தமேனிக்கு வை" என்றாள். அவன் போனதும் ஓர் அட்டையை எடுத்தாள், பேனாவை உதறினாள். பொருள்: கிமேராவின் கீழ்த்தாடைப் பல்தகடு, கல்லானது. கண்டெடுத்தவர்: தையல்நாயகி. அடையாளம் கண்டவர்: தையல்நாயகி. குறிப்பு: 'ஒப்பிட்டுப் பார்த்தேன்' என்று நான் எழுதிய கடிதம் பொய், பார்க்கவில்லை, கிளாரிந்தா மச்சாது. எழுத்து கோணலாக விழுந்தது, திருத்தவில்லை. இடம் என்ற வரி மட்டும் காலியாக இருந்தது. அரியலூர் மாவட்டம் என்று போடலாம், போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், பாதி அட்டைகள் அப்படித்தான் இருக்கின்றன. பேனாவை இன்னொரு தரம் உதறிவிட்டு எழுதினாள்: கண்டெடுத்தவருக்குத் தெரியும்.